கள்ளிக்குப் பெயர் வைத்தவர்கள்

1609 ஜூலை மாத இரவு ஒன்றில், லண்டனை அடுத்த சையன் மாளிகையில் தாமஸ் ஹேரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்பி, கண்ணில் பட்டதைத் தாளில் வரைந்து வைத்தார். கலிலியோ நிலவை வரைவதற்குச் சில மாதங்கள் முந்தைய சங்கதி அது. அடுத்த ஆண்டு நவம்பரில், தென்பிரான்சில் நிக்கோலா பெய்ரெஸ்க் என்பவர் ஓரியன் விண்மீன் கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, அதில் ஒளிரும் மேகம் ஒன்று இருப்பதைக் குறித்துக்கொண்டார். வானியல் வரலாற்றில் இருவருக்கும் இடம் உண்டு. தாவரவியலிலும் உண்டு, அதுவும் ஒரே குடும்பத்தில். ஹட்டியோரா, பெரஸ்கியா என்ற இரண்டு கள்ளிப் பேரினங்கள் இவர்கள் பெயரால்தான் வழங்குகின்றன.

செடியின் அறிவியல் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியின் பெயர் ஒபுன்ஷியா டில்லெனி. இதில் ஒபுன்ஷியா பேரினம். டில்லெனி என்பது ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டில்லெனியஸின் நினைவாக வந்த சிற்றினப் பெயர். கள்ளிக் குடும்பத்தில் சுமார் 1,500 சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றை எத்தனை பேரினங்களாகப் பிரிப்பது என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அந்தப் பேரினப் பெயர்களை வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். செடியைப் பற்றித் தெரிந்துகொள்வதைக் காட்டிலும், அதைப் பார்த்தவர்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்கிறோம். எதைக் கண்டு வியந்தார்கள், யாருக்கு நன்றிக்கடன் பட்டிருந்தார்கள், யாரை மறந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயர்களில் பதிந்து கிடக்கிறது.

ஹேரியட் கள்ளியை அறியாதவர் அல்ல. 1585இல் ஆங்கிலேயர் வட அமெரிக்காவின் ரோனோக் தீவில் குடியேற முயன்றபோது உடன் சென்றவர். திரும்பி வந்து 1588இல் வெளியிட்ட நூலில், தடித்த இலையும் ஊசி முள்ளும் கொண்ட ஒரு செடியையும், உள்ளும் புறமும் சிவந்த அதன் பழத்தையும் வருணித்தார். அங்கிருந்த பழங்குடி மக்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்பதையும் எழுதிவைத்தார். 1763இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அடான்சன் ஒரு கள்ளிக்கு ஹரியோட்டா என்று பெயரிட்டார். பெயர் நிலைக்கவில்லை. 1834இல் ஜெனீவாவைச் சேர்ந்த த கண்டோல் அதே பெயரை வேறொரு கள்ளிக்குச் சூட்டினார். ஒரே பெயர் இரண்டு தாவரப் பேரினங்களுக்கு இருக்கக் கூடாது என்பது விதி; இருந்தால் பிந்தியது செல்லாது. 1915இல் அமெரிக்கத் தாவரவியலாளர்கள் நதானியேல் பிரிட்டனும் ஜோசப் ரோஸும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டார்கள். ஹரியோட்டா, ஹட்டியோரா ஆயிற்று. பிரேசிலின் கடலோரக் காட்டு மரங்களில் தொற்றி வளரும் செடி அது. கவிழ்த்த குட்டிப் புட்டிகளை ஒன்றின் நுனியில் ஒன்றாகக் கோத்ததுபோல் தண்டும், அதன் முனையில் மஞ்சள் பூவுமாகத் தொங்கும்.

'காக்டஸ்' என்ற சொல்லே வேறொரு செடியிடமிருந்து வந்ததுதான். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், சிசிலித் தீவில் வளரும் ஒரு முட்செடியைக் 'காக்டோஸ்' என்று குறிப்பிட்டார். அது இன்று ஆர்டிசோக் என்ற பெயரில் விற்கும் காய்கறியின் நெருங்கிய உறவு என்று கருதப்படுகிறது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. கள்ளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பண்டைக் கிரேக்கர் கள்ளியைப் பார்த்திருக்கவே முடியாது. அந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. கொலம்பஸுக்குப் பிறகுதான் ஐரோப்பாவில் அது கால் வைத்தது.

1753இல் கார்ல் லின்னேயஸ் தமக்குத் தெரிந்த 22 கள்ளிகளையும் காக்டஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடைத்தார். உருண்டை, தூண், பலகை, இலையுள்ள கொடி என எல்லாமே ஒரே கூட்டில். லண்டன் செல்சி தோட்டத்தைப் பராமரித்த பிலிப் மில்லருக்கு இது ஒத்துவரவில்லை. செடிகளை நாள்தோறும் கையில் தொட்டு வளர்த்தவர் அவர். அடுத்த ஆண்டே, 1754இல், செரியஸ், ஒபுன்ஷியா, பெரஸ்கியா என்று பழைய பெயர்களின்கீழ் அவற்றைப் பிரித்துவிட்டார். அவர் பிரித்ததுதான் நின்றது. காக்டஸ் என்ற பேரினமோ ஆளுக்கு ஒரு பொருளில் பயன்பட்டுக் குழம்பிப்போய், 1905இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் தள்ளுபடி ஆயிற்று. அதற்குப் பதிலாக மாமிலேரியா என்ற பெயர் காக்கப்பட்டது. குடும்பத்தின் பெயர் மட்டும் காக்டேசியே என்றே தொடர்கிறது. ஆக, காக்டஸ் குடும்பத்தில் இன்று காக்டஸ் என்று ஒரு பேரினம் கிடையாது.

தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி, யூஃபோர்பியா பேரினத்துச் செடி. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் அந்த வகைதான். கடல் கடந்து ஒபுன்ஷியா வந்தபோது, முள்ளையும் சதைப்பற்றையும் பார்த்த நம் மக்கள் அதையும் கள்ளி என்றே அழைத்தார்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. சதுரக்கள்ளியின் தண்டைக் கீறினால் வெள்ளைப் பால் கொட்டும்; சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் கொழகொழத்த சாறுதான். இன்னும் உறுதியான அடையாளம் முள்ளின் அடியில் இருக்கிறது. காக்டஸ் குடும்பத்தில் முட்கள் தண்டிலிருந்து நேராகக் கிளம்புவதில்லை. பஞ்சு வைத்தாற்போன்ற ஒரு சிறு திண்டு இருக்கும். முட்கள் கொத்தாக அதிலிருந்து வரும், பூவும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். வேறெந்தச் செடிக் குடும்பத்திலும் இந்தத் திண்டு இல்லை.

அமெரிக்காவுக்கு வெளியே தானாகப் பரவிய கள்ளி ஒன்றே ஒன்று உண்டு. ரிப்சாலிஸ் பேக்கிஃபெரா. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களின் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து நூல் நூலாகத் தொங்கும். வெண்ணிறக் குட்டிப் பழம் காய்க்கும். கூடை முடையும் வளாருக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் ரிப்சாலிஸ். 1788இல் பெயரிட்ட ஜெர்மானியர் கார்ட்னர், அதைக் கள்ளி என்று அறியாமலே பெயரிட்டார். முள்ளே இல்லாமல் மரத்தில் தொங்கும் ஒன்றைக் கள்ளி என்று நினைக்க அப்போது யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஒபுன்ஷியா என்ற பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். லோக்ரிஸ் பகுதியில் ஓபஸ் என்று ஒரு பழைய ஊர். அதைச் சுற்றி, இலையிலிருந்தே வேர்விடும் ஒரு செடி வளர்ந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். பிற்கால ஐரோப்பியர், அமெரிக்காவிலிருந்து வந்த புதுச் செடி பலகை பலகையாக விழுந்த இடத்தில் வேர் பிடிப்பதைக் கண்டு, பிளினி சொன்னது இதுவே என்று முடிவு கட்டினார்கள். புதிய உலகத்துச் செடியையும் பழைய நூலில் தேடிய காலம் அது. தேடினால் எதாவது கிடைக்கத்தான் செய்யும். விளைவு, மெக்சிகோ மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டும் பயிரிட்டும் வந்த செடி, அதைக் கண்ணாலும் பார்க்காத ஒரு கிரேக்க ஊரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது.

மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் அதன் பெயர் நோபல்லி. ஸ்பானியர் நாவில் நோபல். அந்தச் சொல் சென்னைக்கே வந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் 'நோபல்ரி' என்று ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுப்பது நோக்கம். சாயத்தொழில் பலிக்கவில்லை. இந்தியாவில் பரவிய கள்ளிகள் பின்னர் வயல்வெளிகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் பெருந்தொல்லை ஆயின. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் தமிழகத்தில் சப்பாத்திக்கள்ளியைக் கட்டுப்படுத்தினார்கள். கொச்சினீலுக்குப் பெயர்போன கள்ளிக்கு 1850இல் நோபலியா என்று தனிப் பேரினமே வைத்தார்கள். மண்ணின் மக்கள் சொல்லில் அமைந்த அபூர்வமான பெயர். இப்போது அதுவும் ஒபுன்ஷியாவுக்குள் கரைந்துவிட்டது.

மற்ற ஆரம்பகாலப் பெயர்களில் தெரிவது ஐரோப்பிய வீட்டுப் பொருள்களும் விலங்குகளும்தான். செரியஸ் என்றால் இலத்தீனில் மெழுகுத்திரி. தூண்போல் நிமிர்ந்து நிற்கும் கள்ளிக்கு அந்தப் பெயர். பிறகு அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒட்டுப்போட்டே ஒரு படை கிளம்பியது. தடித்தது பாக்கிசெரியஸ், மலையில் வளர்வது ஓரியோசெரியஸ், தலையில் கம்பளி முளைப்பது செஃபலோசெரியஸ். எக்கினோகாக்டஸில் முள்ளெலி இருக்கிறது, மெலோகாக்டஸில் முலாம்பழம், அஸ்ட்ரோஃபைட்டத்தில் விண்மீன். 1841இல் ஒருவர் எக்கினோஃபாசுலோகாக்டஸ் என்று ஒன்றை வைத்தார்: முள்ளெலி, பள்ளம், கள்ளி மூன்றும் சேர்ந்த பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரை விட்டுவிட்டு இப்போது பலரும் ஸ்டெனோகாக்டஸ் என்றே எழுதுகிறார்கள். டிஸ்கோகாக்டஸ், டிசோகாக்டஸ் என்று ஒரே எழுத்து வேறுபாட்டில் இரண்டு பேரினங்களும் உண்டு. முன்னது தட்டு வடிவம். பின்னதில் பூவின் வெளியிதழ்களும் உள்ளிதழ்களும் எண்ணிக்கையில் சமம் என்பது கருத்து. செடிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சமும் ஒத்தவை அல்ல.

இந்த வரிசையில் உண்மையாகவே செடியை உற்றுப் பார்த்து வைத்த பெயர் மாமிலேரியா. 1812இல் ஆங்கிலேயர் ஏட்ரியன் ஹாவர்த் வைத்தது. மாமில்லா என்றால் முலைக்காம்பு. நர்சரியில் கைக்குள் அடங்கும் உருண்டைக் கள்ளித் தொட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். மற்ற உருண்டைக் கள்ளிகளில் மேலிருந்து கீழாக வரம்புகள் ஓடும். இதில் வரம்பே இல்லை. தனித்தனிக் காம்புகள் சுருள் சுருளாகச் சுற்றி ஏறுகின்றன. இடப்புறமாகச் சுற்றும் சுருள்களை எண்ணி, வலப்புறமாகச் சுற்றுவனவற்றையும் எண்ணினால் பெரும்பாலும் 8, 13 அல்லது 13, 21 என்று ஃபிபனாச்சித் தொடரின் அடுத்தடுத்த எண்கள் கிடைக்கும். முட்கள் காம்பின் நுனியில் இருக்கும். பூவோ காம்புகளின் இடுக்கிலிருந்து, உச்சியைச் சுற்றி வளையமாகப் பூக்கும்.

அதே ஹாவர்த், அதே 1812இல் வைத்த இன்னொரு பெயர் எபிஃபில்லம். 'இலைமேல்' என்று பொருள். இது தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கும் செடி. பிரம்ம கமலம் என்கிறோம். மொட்டு தலைதூக்கிய நாளில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, இரவு விழித்திருந்து பார்ப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் வெளியிதழ்கள் மெல்ல விலகி, நள்ளிரவுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் வெள்ளையாக விரிந்து, வாசம் மாடிவரை ஏறும். விடிவதற்குள் துவண்டு தொங்கும். அந்தப் பூ இலையின் விளிம்பிலிருந்துதான் வருகிறது என்று பார்ப்பவர் எவரும் சொல்வார்கள். ஹாவர்த்தின் பெயரும் அதையே சொல்கிறது. ஆனால் அது இலை அல்ல, தட்டையாகிப்போன தண்டு. நடுவே ஓடும் தடித்த நரம்பும், பூ கிளம்பும் பள்ளத்தில் இருக்கும் முள்திண்டின் எச்சமும் அதற்குச் சாட்சி. தவறு தெரிந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. பெயர் செடியைச் சரியாக வருணிக்கவேண்டும் என்பது விதியில் இல்லை. முறைப்படி முதலில் வெளியாகியிருந்தால் போதும். நம் பெயரும் அப்படித்தான். இமயமலையின் உண்மையான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்களின் போக்கே மாறிவிட்டது. நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் தலைவரான பிரிட்டனும் ரோஸும் அமெரிக்கக் கண்டங்கள் நெடுகச் செடி சேகரித்து, 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாகக் கள்ளிக் குடும்பம் முழுவதையும் எழுதி முடித்தார்கள். 124 பேரினங்கள், அவற்றில் பல அவர்களே புதிதாக வைத்தவை. இத்தனை பெயர்களுக்கு எங்கே போவது? முள்ளெலியும் மெழுகுத்திரியும் எத்தனை முறைதான் வரும்?

நிலப்படத்தை எடுத்து எழுத்துகளைக் கலைத்தார்கள். பொலிவியாவிலிருந்து லோபிவியா. பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து மிலா. அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து டென்மோசா. பிரேசிலின் வறண்ட முட்காடான காட்டிங்காவிலிருந்து டசிங்கா. ஹட்டியோராவில் பழகிய கை. படிப்பதற்குச் சுவையான பெயர்கள், செடியின் சொந்த நிலத்தையும் மறைக்காதவை. சில ஊர்களின் பெயரைக் கலைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பெருவின் மட்டுக்கானா, ஒரோயா இரண்டும் ஊர்ப்பெயர்களே. சிலியின் கோப்பியாப்போ நகரிலிருந்து கோப்பியாப்போவா. மழையே காணாத அட்டகாமா பாலையின் விளிம்பில், கடலிலிருந்து வரும் மூடுபனியை நம்பி வாழும் கள்ளி அது. பெயரைக் கேட்டதும் இருப்பிடம் தெரிகிறது.

ஆட்களின் பெயரும் ஏராளம். எஃகு வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகியின் பெயரில் கார்னகியா. அரிசோனா பாலையில் கை தூக்கி நிற்கும் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளிக்கு 1908இல் சூட்டியது. கார்னகி கொடுத்த நிதியில் உருவான நிறுவனம்தான் 1903இல் டூசான் நகரில் பாலைவன ஆய்வுக்கூடம் தொடங்கியது. பின்னாளில் பிரிட்டன், ரோஸ் நூலையும் அதுவே வெளியிட்டது. நன்றி புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயரும், நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வாழும், முதல் கிளை விடவே ஐம்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இந்தச் செடியோடு காலங்காலமாக வாழ்பவர்கள் ஓதம் பழங்குடியினர். காய்ந்த சகுவாரோவின் விலா எலும்பு போன்ற கட்டைகளைக் கோத்து நீண்ட துரட்டி செய்து, கோடையில் அதன் பழம் பறிக்கிறார்கள், பாகு காய்ச்சுகிறார்கள், மழை வேண்டிச் செய்யும் சடங்குக்கு அதிலிருந்து மது வடிக்கிறார்கள். சகுவாரோவை மனிதரைப் போலவே கருதுகிறவர்கள் அவர்கள். அவர்கள் மொழிச் சொல் எதுவும் அறிவியல் பெயரில் ஏறவில்லை.

நியூயார்க் வழக்கறிஞர் ஸ்டெட்சனுக்கு ஸ்டெட்சோனியா, பிரேசில் மத்திய ரயில்வேயின் மேலாளர் அரோஜாடோ லிஸ்போவாவுக்கு அரோஜாடோவா என்று பட்டியல் நீள்கிறது. அதன் நடுவே ஒரு பெயர் கண்ணை நிறுத்தும். ஃபிரைலியா. ஸ்பெயினில் பிறந்து, வாஷிங்டனில் அமெரிக்க வேளாண் துறையின் கள்ளித் தொகுப்பைப் பராமரித்த மானுவல் ஃபிரைலேயின் பெயர். நீர் ஊற்றியவர், தொட்டி மாற்றியவர், அழுகல் பார்த்தவர். ஆராய்ச்சியாளர்கள் எழுதிய செடிகளை உயிரோடு வைத்திருந்தவர். அவர் பெயர் பெற்ற கள்ளிகளும் அடக்கமானவை. பல இனங்கள் சில சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. மொட்டு விரியாமலேயே உள்ளுக்குள் தன்மகரந்தச் சேர்க்கை நடந்து விதை வைத்துவிடும். கார்னகியாவுக்கு எதிரே ஃபிரைலியாவை வைத்துப் பார்க்கும்போது பிரிட்டன், ரோஸ் மேல் மரியாதை கூடுகிறது.

மெக்சிகோவின் ஓஹாகா மலையில் ஒரே சிறு பகுதியில் வளரும் ஓர்ட்டெகோகாக்டஸ் 1961இல் பெயர்பெற்றது. அதில் இருப்பது அந்தப் பகுதியில் வாழ்ந்த ஓர்ட்டெகா குடும்பத்தின் பெயர். பிரேசிலில் கியாபெண்டியா, தென் சிலி, அர்ஜென்டினாவில் மைகுவேனியா இரண்டும் உள்ளூர் மக்கள் வழங்கிய செடிப்பெயர்களை இலத்தீனாக்கியவை. பாகா கலிபோர்னியாவின் கோச்சிமி பழங்குடியினர் நினைவாகக் கோச்சிமியா. செக் பயணி ஃபிரிச், மெக்சிகோ அதிபராக இருந்த அல்வாரோ ஒப்ரெகோன் பெயரில் 1925இல் ஒப்ரெகோனியா வைத்தார். 1929இல் அஸ்டெக்கியம் வந்தது. அதன் சுருங்கி மடிந்த வரம்புகள் அஸ்டெக் சிற்பங்களை நினைவூட்டினவாம். சிற்பத்தை உருவாக்கிய மக்களின் சொல்லால் ஒரு செடிக்குப் பெயரிடுவதைவிட, அவர்களின் சிற்பம்போல் இருக்கிறது என்று பெயரிடுவதே அன்று எளிதாக இருந்திருக்கிறது.

பெண்களின் பெயர் மிகக் குறைவு. மெக்சிகோவின் கள்ளிகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, 1937இல் அவற்றுக்குப் பெருநூல் எழுதிய ஹீலியா பிராவோ ஓயிஸ் பெயரில் ஹீலியாபிராவோவா என்ற பேரினம் இருந்தது. பிறகு அது போலஸ்கியா என்ற பேரினத்துள் சேர்க்கப்பட்டுவிட்டது. நூறாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு 2001 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

ஹீலியாபிராவோவா என்ற பெயரை வைத்தவர் ஹாம்பர்க் நகரின் குர்ட் பாக்கெபர்க். கள்ளி வணிகராகத் தொடங்கி, 1958 முதல் 1962 வரை ஆறு தொகுதிகளில் குடும்பம் முழுவதையும் எழுதியவர். பேரினங்களின் எண்ணிக்கையை இருநூறுக்கு மேல் கொண்டுபோனார். சிறு வேறுபாட்டுக்கும் ஒரு புதுப் பெயர். உலர்மாதிரி எடுத்து வைக்காமலே பல பெயர்களை வெளியிட்டதால், அவர் எந்தச் செடியைச் சொன்னார் என்று தேடுவதே பின்னால் வந்தவர்களுக்குத் தனி வேலையாயிற்று. அவர் வைத்த பேரினங்களில் பல இன்று இணைப்பெயர்களாக ஒதுங்கிவிட்டன. சில மரபணு ஆய்வில் சரியென்று தெரிந்து திரும்பி வந்திருக்கின்றன.

மரபணு ஆய்வு பெரிதும் அசைத்தது பெரஸ்கியாவை. 1703இல் பெய்ரெஸ்க் நினைவாக அதற்குப் பெயரிட்டவர் சார்ல் பிளுமியர் என்ற பிரெஞ்சுத் துறவி. அறிஞர்களின் பெயரைச் செடிக்குச் சூட்டும் வழக்கத்தை விரிவாகக் கையாண்டவர் அவர். மக்னோலியா, ஃபுக்ஸியா எல்லாம் அவர் வைத்தவை. அவர் பெயரில் அமைந்த பிளுமேரியாவை நாம் ஈழத்தலரி என்கிறோம். பெரஸ்கியாவுக்கு உண்மையான இலை உண்டு, மரம்போல் தண்டு உண்டு. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பெரஸ்கியா அக்குலியேட்டாவின் இலையைக் கீரையாகச் சமைக்கிறார்கள். கள்ளிகளின் ஆதி வடிவம் இதுவே என்று நெடுநாள் நம்பினார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வு, பெரஸ்கியா ஒன்றல்ல, இரண்டு தனிக் கிளைகள் என்று காட்டியது. கரீபியனையும் மத்திய அமெரிக்காவையும் சுற்றி வளரும் கிளையின் தண்டில் காற்றுத்துளைகள் இல்லை. தண்டு சீக்கிரமே பட்டை கட்டிவிடும். தென்னமெரிக்கக் கிளையின் தண்டிலோ துளைகள் உண்டு. இலையின் வேலையைத் தண்டு எடுத்துக்கொள்ளத் தொடங்கிய முதல் படி அது. வடக்குக் கிளைக்கு லாயன்பெர்கெரியா என்று புதுப் பெயர் வந்தது. பெரஸ்கியாவை ஆழ்ந்து ஆராய்ந்த சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பியாட் லாயன்பெர்கரின் நினைவுக்கு. இந்தப் பெயரில் அறிவியலும் நன்றியும் பொருந்தி அமைந்திருக்கின்றன.

நம் சந்தைக்கு வந்த மாற்றமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இப்போது கல்தூண் நட்டுப் பயிரிடும் டிராகன் பழம், ஹைலோசெரியஸ் என்ற பேரினமாக இருந்தது. 'காட்டு மெழுகுத்திரி' என்று பொருள். 2017இல் அதைச் செலினிசெரியஸில் சேர்த்தார்கள். செலினி, கிரேக்கரின் நிலாத் தேவதை. இரவில் பூக்கும் செடிக்கு இது இன்னும் பொருத்தம். சில ரகங்களுக்கு விவசாயிகள் ராத்திரி தோட்டத்துக்குப் போய்த் தூரிகையால் மகரந்தம் தொட்டுவைக்க வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் குஜராத் அரசு இந்தப் பழத்துக்குக் கமலம் என்று பெயர் அறிவித்தது. எபிஃபில்லத்தையும் சேர்த்தால், இந்தியாவில் தாமரைப் பெயர் பெற்ற கள்ளிகள் இரண்டு.

பெயர் மாற்றம் சேகரிப்பவர்களுக்கு எரிச்சல் தருவது உண்மை. கடைகளில் தங்க உருண்டையாக விற்கும் கள்ளி, எக்கினோகாக்டஸ் குரூசோனி என்றே எல்லோருக்கும் பழக்கம். மக்டெபர்க் நகரின் தொழிலதிபர் ஹெர்மன் குரூசனின் கண்ணாடிக் கூடங்களில் பெரிய கள்ளித் தொகுப்பு இருந்ததால் வந்த பெயர். 2014இல் அதைக் குரோன்லைனியா என்ற தனிப் பேரினமாக்கினார்கள். மொனாக்கோ கள்ளித் தோட்டத்தின் இயக்குநராக இருந்த மார்செல் குரோன்லைன் நினைவாக. உலகமெங்கும் தொட்டியில் கோடிக்கணக்கில் வளரும் இந்தச் செடி, தன் சொந்த இடமான நடு மெக்சிகோவில் அழியும் நிலையில் இருக்கிறது. 1990களில் சிமாபான் அணை நிரம்பியபோது அதன் வாழிடத்தில் பெரும்பகுதி நீருக்குள் போயிற்று.

இதனால்தான் பெயர்ப் பிரச்சினை நூலகத்தோடு நிற்பதில்லை. 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸ், ஒருசில விலக்குகள் தவிரக் கள்ளிக் குடும்பம் முழுவதையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒப்ரெகோனியா போன்ற சிலவற்றுக்கு மிகக் கடுமையான பிரிவு. துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும் சுங்க அதிகாரி கையில் இருப்பது அறிவியல் பெயர்ப் பட்டியல்தான். 2020 பிப்ரவரியில் இத்தாலியக் காவல்துறை ஒரு சேகரிப்பாளரிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலி நாட்டுக் கள்ளிகளைப் பறிமுதல் செய்தது. பெரும்பாலானவை காட்டிலிருந்து பிடுங்கிக் கடத்திய கோப்பியாப்போவா. அடுத்த ஆண்டு அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

புதிய பேரினங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2001இல் அர்ஜென்டினாவின் யாவி என்ற சிற்றூர்ப் பக்கம் கண்டுபிடித்த கள்ளிக்கு யாவியா என்று அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பழத்தைத் தண்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கும் செடி. பாதி உடல் மண்ணுக்குள் இருக்கும். மண்ணின் பெயரை மண்ணில் வளர்வதற்கு வைப்பதே நியாயமான வழி. இனி வரும் பெயர்களுக்காவது அந்த ஊர் மக்களின் சொல்லை முதலில் கேட்கவேண்டும்.

தமிழ்நாட்டு நர்சரிகளில் இன்று கள்ளித் தொட்டிகள் அடுக்கடுக்காக விற்கின்றன. பெரும்பாலானவற்றில் விலைச்சீட்டு உண்டு, பெயர்ச்சீட்டு இல்லை. வாங்குகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். இதன் பேரினம் எது? இது விதையிலோ ஒட்டிலோ வளர்த்ததா, காட்டிலிருந்து எடுத்ததா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத செடியை வாங்காதீர்கள்.